கம்ப்யூட்டருக்கு ஒன்பது பொருத்தம்

எனக்குக் கோபம் அதிகம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறை சொல்லக் கூடாது. ராஜபாளையத்தில் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் பத்தொன்பது வருடமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். இந்த ஊரில் இந்தத் தொழில் செய்கிறவனுக்குக் கோபம் வராவிட்டால்தான் ஆச்சரியம். மற்ற ஊர்களில் கம்ப்யூட்டரைத் திறந்தால் உள்ளே கம்ப்யூட்டர் இருக்கும். இங்கே திறந்தால் பஞ்சு இருக்கும். மில்லில் பறப்பது, பேண்டேஜ் யூனிட்டில் பறப்பது எல்லாம் காற்றாடி வழியாக உள்ளே போய்க் குடியேறிவிடும். ஒரு தடவை ஒரே ஒரு கேபினெட்டைத் தட்டியதில் ஒரு சின்னத் தலையணைக்கு ஆனது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, என் மனைவி விஜி தைத்தே வைத்திருக்கிறாள்.

சுந்தரபாண்டியன் அண்ணாச்சியின் கம்ப்யூட்டரும் அப்படிப் பஞ்சடைத்துத்தான் செத்தது. சத்திரப்பட்டி ரோட்டில் அவருக்கு ஒரு பேண்டேஜ் யூனிட் இருக்கிறது. ஆஸ்பத்திரித் துணியை வெளுத்து, வெட்டி, சுருட்டி, பெட்டி போட்டு அனுப்புவார்கள். திங்கட்கிழமை சாயங்காலம் ஆபீஸ் ரூமில் கருகின வாசனை வந்திருக்கிறது. போய்ப் பார்த்தேன். மதர்போர்டு போய்விட்டது. செவ்வாய்க்கிழமை மதுரையிலிருந்து புதுப் போர்டு வரவழைத்தேன். புதன்கிழமை மதியம் மூன்று மணிக்குள் அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு டெண்டர் போயாக வேண்டும். அரசு ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு வருடம் பேண்டேஜ் சப்ளை செய்கிற டெண்டர்.

டெண்டர் அண்ணாச்சியுடையது அல்ல, அவர் மகள் வெங்கடேஸ்வரியுடையது. இருபத்தேழு வயது. டெக்ஸ்டைல் படித்துவிட்டு மூன்று வருடமாக அப்பாவின் யூனிட்டிலேயே இருக்கிறாள். டெண்டரெல்லாம் பெரிய கம்பெனிக்காரர்களுக்கு, நமக்கு எதற்கு என்பது அண்ணாச்சியின் கட்சி. மூன்று வாரம் ராப்பகலாக உட்கார்ந்து அறுபத்திரண்டு ஃபைல் தயார் செய்திருந்தாள். அசல் காகிதங்களை எல்லாம் சென்னைக்குக் கூரியரில் அனுப்பியாகிவிட்டது. மிச்சம் இருப்பது கம்ப்யூட்டருக்குள்தான். அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் ஒரு ஒப்பந்தம் இருந்தது, அதை என் முன்னாலேயே அண்ணாச்சி மறுபடி சொன்னார்.

“ஏட்டி, இன்னைக்கு மூணு மணிக்குள்ள டெண்டர் போயிருச்சுன்னா இந்த யூனிட்டு ஒம் பொறுப்பு. நான் வாயே தெறக்க மாட்டேன். போகலைன்னா, இத வாடகைக்கு விட்டுருவேன். தை மாசம் ஒனக்குக் கல்யாணம்.”

“சரிப்பா,” என்றாள் அவள். அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் அவள் கை நகத்தைப் பார்த்தேன், கடித்துக் கடித்து ஒன்றும் பாக்கி இல்லை. எனக்கு அந்தப் பிள்ளை மேல் ரொம்பப் பிரியம். கேபினெட்டை மாதம் ஒரு தடவை தானே ஊதித் துடைக்கிற ஒரே கஸ்டமர் அவள். இந்த மாதம் டெண்டர் வேலையில் விட்டுவிட்டாள், அதற்குள் பஞ்சு முந்திக்கொண்டது.

புதன்கிழமை எட்டு மணிக்கே போய்ப் போர்டை மாட்டிவிட்டேன். ஆனால் அண்ணாச்சி சுவிட்சைத் தொட விடவில்லை. ஒன்பதே காலுக்குத்தான் நல்ல நேரமாம். கேபினெட் கிழக்கே பார்த்திருக்க வேண்டுமாம். மேசையைத் திருப்பியதில் வயர் யு.பி.எஸ்ஸுக்கு எட்டவில்லை. யு.பி.எஸ்ஸைத் தூக்கிக்கொண்டு வந்து ஸ்டூலில் வைத்தோம். நான் சர்ச்சுக்குப் போகிறவன், எனக்கு எல்லாத் திசையும் ஒன்றுதான். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

ஒன்பதே காலுக்கு அண்ணாச்சியே சுவிட்சைப் போட்டார். காற்றாடி அரைச் சுற்று சுற்றியது, நின்றுவிட்டது.

“என்னலே விமலு, புதுசு இப்படிப் படுத்துருச்சு?”

“செத்த இருங்க அண்ணாச்சி.”

போர்டைக் கழற்றிப் பார்த்தேன். அடியில் பழைய போர்டுக்கென்று இருந்த ஒரு பித்தளைக் கால் அப்படியே நிற்கிறது. புதுப் போர்டுக்கு அந்த இடத்தில் ஓட்டையே கிடையாது. கால் நேராகப் போர்டின் முதுகில் குத்தி ஷார்ட் ஆகியிருக்கிறது. கழற்ற மறந்தது என் தப்பு. வெளியில் சொல்லவில்லை. காலை எடுத்துவிட்டுத் திரும்ப மாட்டினேன். இப்போது காற்றாடி நன்றாகச் சுற்றியது, ஆனால் திரையில் ஒன்றும் வரவில்லை. 

அண்ணாச்சி ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். “கேபினெட்டுக்குள்ள வைக்கணும்,” என்றார். “வெளிய வேணா வையுங்க,” என்றேன். மானிட்டர் வயரை மாற்றிப் பார்த்தேன். ராம் என்கிற மெமரிப் பட்டையைக் கழற்றி, அழி ரப்பரால் அதன் காலைத் துடைத்து, இன்னொரு ஓட்டையில் செருகிப் பார்த்தேன். அசையவில்லை. அண்ணாச்சி என் காதுக்குப் பக்கத்தில் நின்று, ஆலங்குளத்தில் அவர் மச்சான் வீட்டு டி.வி. இப்படித்தான் இருந்தது என்றும், ஓங்கி ஒரு அடி கொடுத்ததும் வந்துவிட்டது என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் பார்த்தேன், பிராசஸருக்குக் கரண்டு கொடுக்கிற வயரை நான் மாட்டவே இல்லை. போர்டின் மூலையில் தனியாக ஒரு எட்டுக் கால் வயர் போக வேண்டும். அது பக்கத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருக்கிறது. மாட்டும்போது அண்ணாச்சி எதையோ பேசினார், விட்டுவிட்டேன்.

“எலுமிச்சம்பழம் வேல செஞ்சிருச்சு பாத்தியா?” என்றார், திரையில் எழுத்து வந்ததும்.

அந்த எழுத்து, உள்ளே ஸ்டார்ட் ஆகிற டிஸ்க்கே இல்லை என்று சொல்லியது. டிஸ்க் இருக்கிறது, கண்ணெதிரே இருக்கிறது. புதுப் போர்டு பழைய முறையில் தேடுகிறது, டிஸ்க் புது முறையில் எழுதப்பட்டது. செட்டிங்கில் போய் அதை மாற்ற ஐந்து நிமிடம்தான் ஆகும். ஆனால் யு.பி.எஸ். வைத்த ஸ்டூலில் அண்ணாச்சி கால் இடித்து வயர் பிடுங்கிக்கொண்டது. மறுபடி முதலிலிருந்து. மணி பதினொன்றரைக்கு ஒருவழியாக ஸ்டார்ட் ஆனது. எல்லோரும் மூச்சு விட்டோம். அப்போதுதான் திரை முழுக்க நீலமாகி, நாற்பத்தெட்டு இலக்கச் சாவி எண்ணைப் போடு என்று கேட்டது.

நான் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தேன்.

இரண்டு வருடம் முன்னால் பக்கத்து யூனிட்டில் கம்ப்யூட்டர் திருடு போனது. அண்ணாச்சி பயந்துபோய், “எவன் தூக்கிட்டுப் போனாலும் உள்ள இருக்கத பாக்கக் கூடாது” என்றார். நான்தான் டிஸ்க்கைப் பூட்டி வைத்தேன். தினமும் கேட்காது. அதே போர்டில் இருக்கிறவரை அது தானாகத் திறந்துகொள்ளும். போர்டு மாறினால் யாரோ திருடன் என்று நினைத்து எண்ணைக் கேட்கும். டிஸ்க்கைக் கழற்றி வேறு எந்தக் கம்ப்யூட்டரில் மாட்டினாலும் அதே கேள்விதான். எண்ணைப் பிரிண்ட் எடுத்து அண்ணாச்சியிடம் கொடுத்திருந்தேன். என்னிடம் ஒரு காப்பி வைத்திருக்க வேண்டும், வைக்கவில்லை.

“அண்ணாச்சி, அப்ப ஒரு தாள் குடுத்தேனே, பெரிய பெரிய நம்பரா?”

“நல்லா இருக்கு. நீதானல சொன்ன, ஜாதகத்த வைக்கிற மாதிரி பத்திரமா வையுங்கன்னு? அப்படியே பீரோல ஜாதகத்தோட சேத்து வச்சிட்டேன்.”

சொன்னது நான்தான். அண்ணாச்சி போன் போட்டார், வீட்டிலிருந்து அவர் மனைவி வெள்ளத்தாய் மதினி ஜாதகம் வைக்கிற பிளாஸ்டிக் கவரோடு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். கவருக்குள் ஒரே ஒரு தாள் இருந்தது. வெங்கடேஸ்வரியின் ஜாதகம். பிறந்த தேதி, நட்சத்திரம், கட்டம், எல்லாம் இருக்கிறது. எண் எழுதிய தாளைக் காணோம்.

மதினி அந்தத் தாளையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அப்ப நான் சோசியர்ட்ட குடுத்தது எது?”

விஷயம் இதுதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் தங்கப்பாண்டியன் என்று ஒரு ரிட்டயர்ட் சுபேதார். அவர் மகன் ஜெயபாண்டி போலீஸில் எஸ்.ஐ. இடம் நல்ல இடம். டெண்டர் போனாலும் போகாவிட்டாலும் ஒரு பொருத்தம் பார்த்து வைப்போம் என்று மதினி செவ்வாய்க்கிழமை டவுன் பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் பால்ச்சாமி சோசியர் வீட்டில் தாளைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். சோசியர் வீட்டில் இல்லை, அவர் மனைவிதான் வாங்கி வைத்தாராம். நல்ல காரியமாயிற்றே என்று மதினி தாளின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவித்தான் கொடுத்திருக்கிறார்.

“கட்டம் போட்டு இருந்துச்சு, மேல இவ பேரு இருந்துச்சு. எனக்கென்ன தெரியும்?” என்று மதினி அழ ஆரம்பித்துவிட்டார்.

அதற்கும் நான்தான் காரணம். அண்ணாச்சிக்குக் கண் மங்கல். எண்ணைச் சின்ன எழுத்தில் கொடுத்தால் படிக்க முடியாது என்று, எட்டு வரியாக, வரிக்கு ஆறு இலக்கமாக, பெரிய எழுத்தில் அடித்து, ஒவ்வோர் இலக்கத்தையும் ஒரு கட்டத்துக்குள் போட்டேன். அழகாக இருக்கட்டும் என்றுதான். மேலே, யார் உபயோகிக்கிற கம்ப்யூட்டர் என்று தெரிய ‘வெங்கடேஸ்வரி’ என்று எழுதினேன். சுற்றி ஒரு பூ பார்டர் வேறு போட்டிருந்தேன்.

சோசியருக்குப் போன் போட்டால் சுவிட்ச் ஆஃப். பொருத்தம் பார்க்கிற நாளில் அவர் போனை அணைத்துவிடுவார். ராகு காலம் கழித்து ஒன்றரைக்கு மேல் உட்காருவாராம், மாப்பிள்ளையின் அப்பாவும் வருவாராம்.

“சுபேதாருக்கே போன் போட்டு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க அண்ணாச்சி.”

“ஏலே, சம்பந்தியாகப் போறவர்ட்ட, பொண்ணு ஜாதகம்னு கம்ப்யூட்டர் தாளக் குடுத்துட்டோம்னு சொல்லவா? ஊரே சிரிக்கும். நீ போ. நம்ம வீட்டு ஆளு மாதிரி போயி உக்காந்து, யாருக்கும் தெரியாம நம்பர வாங்கிட்டு வா. ஒரு வார்த்த வெளிய சொன்ன, பொறவு யூனிட்டுப் பக்கம் காலு வைக்காத.”

வெங்கடேஸ்வரி என்னைப் பார்த்தாள். “அண்ணே, மூணு வாரம்ணே,” என்றாள். நான் பைக் சாவியை எடுத்தேன்.

மடவார் வளாகம் போய்ச் சேர ஒன்று நாற்பது ஆகிவிட்டது. ரயில்வே கேட்டில் ஒரு செங்கோட்டை வண்டிக்காகப் பத்து நிமிடம் நின்றேன், அந்தப் பத்து நிமிடமும் திட்டிக்கொண்டே நின்றேன். சோசியர் வீட்டில் நான் நினைத்த மாதிரியே நடுக் கூடத்தில் பலகை போட்டு, பலகையில் என் பூ பார்டர் தாள். எதிரில் மீசையை முறுக்கிவிட்டபடி சுபேதார் தங்கப்பாண்டியன். முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார்.

“பொண்ணு வீட்டுல இருந்து வாரேன். பலன் கேட்டுட்டு வரச் சொன்னாக,” என்று சொல்லிவிட்டு மெதுவாகக் கையை நீட்டினேன். “தாள ஒரு நிமிசம் பாக்கலாமா?”

பால்ச்சாமி சோசியர் என் கையைத் தட்டிவிட்டார். “பலகையில வச்ச ஜாதகத்த முடியுற வரைக்கும் வேத்து ஆளு தொடக் கூடாது.”

“தொடல. ஒரு போட்டோ மட்டும்.”

“பொண்ணு ஜாதகத்த எதுக்குவே போட்டோ எடுக்கீரு?” என்றார் சுபேதார். அவர் பார்த்த பார்வையில் போன் தானாகவே பைக்குள் போய்விட்டது. 

இருக்கிற இடத்திலிருந்து படிக்கலாம் என்று பார்த்தால், தாள் சோசியர் பக்கம் திரும்பியிருக்கிறது, நடுவில் அவர் பூதக்கண்ணாடி. தண்ணீர் குடிக்கிற சாக்கில் வாசலுக்கு வந்து வெங்கடேஸ்வரியைக் கூப்பிட்டேன். “ஏம்மா, போன அணைக்காத. சட்டைப் பையில ஸ்பீக்கர் போட்டு வச்சுக்கிடுதேன். சோசியர வாய் விட்டுப் படிக்க வைக்கேன், நீ அப்படியே அடி. பேசாத. தப்புன்னு வந்தா மட்டும் இருமு.” 

உள்ளே வந்து உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு கேட்டேன். “சாமி, ஒவ்வொரு கட்டமா நம்பரச் சொல்லி வெளக்கமா சொல்லணும். பொண்ணோட அப்பாட்ட ஒண்ணு விடாம ஒப்பிக்கணும்.”

பொறுமையாகக் கேட்கிற ஆள் கிடைத்ததில் சோசியருக்குப் பெரிய சந்தோஷம்.

“கட்டாயம். இது சாதாரண ஜாதகம் இல்ல. ராசிக் கட்டத்தையே விட்டுட்டு, நேரா அஷ்டவர்க்கத்த மட்டும் போட்டிருக்கான். ஏழு கிரகம், ஒரு லக்னம், ஆக எட்டு வரி. ஒவ்வொரு வீட்டுலயும் கிரகத்துக்கு எம்புட்டுப் பரல், அதாவது எம்புட்டு மார்க்குன்னு நம்பர். பன்னண்டு வீடு போட வேண்டியது, ஆறோட நிறுத்திட்டான். மிச்சம் ஆறு இன்னொரு தாளுல இருக்கும். பரவால்ல. நட்சத்திரம் அவிய அம்மா சொல்லிட்டுப் போயிருக்காக, அது போதும். மொத வரி சூரியன். ரெண்டு, ஒண்ணு, நாலு, மூணு, ஒண்ணு, மூணு.”

என் சட்டைப் பைக்குள் கீபோர்டு சத்தம் மெல்லக் கேட்டது. நான் தொண்டையைச் செருமினேன்.

“ரெண்டாவது சந்திரன். அஞ்சு, ஒம்பது...” சோசியர் நிறுத்திவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தார். “ஒம்பது! சுபேதாரய்யா, நாப்பது வருசமா பாக்கேன், எட்டுப் பரலுக்கு மேல எந்த ஜாதகத்துலயும் வராது. வரவும் முடியாது. இதுல ஒம்பது இருக்கு!”

“நல்லதா கெட்டதா?” என்றார் சுபேதார்.

“சாஸ்திரத்துலயே இல்லாதது. அம்புட்டு நல்லது.”

“சந்திரன முடிச்சிருங்க சாமி,” என்றேன். மணி ஒன்று ஐம்பத்தைந்து.

“அஞ்சு, ஒம்பது, அஞ்சு, மூணு, எட்டு, ஆறு. மனசு எப்படின்னா, லேசுல யாருக்கும் தெறக்காது. சரியான ஆளு, சரியான வார்த்தயச் சொன்னாத்தான் தெறக்கும். எடம் மாறிட்டா பழகின ஆளுகளயே யாருன்னு கேக்கும்.”

இதைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பத்தொன்பது வருட அனுபவத்தில் நானே இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

“சூட்டு ஒடம்பு. காத்தோட்டமா வச்சுக்கிடணும். தூசி ஆகாது,” என்றார் செவ்வாயை முடித்துவிட்டு.

“சமையல்?” என்றார் சுபேதார்.

“அதப்பத்தி இதுல ஒண்ணுமே இல்ல.”

புதன் வரி முடிய இரண்டே கால் ஆனது. குரு வரியில் மூணு மூணு சைபர் சைபர் ஏழு ஏழு என்று வந்தது. நடுவில் இரண்டு சைபர் வந்ததற்காகச் சோசியர் ஐந்து நிமிடம் வருத்தப்பட்டார். நான் உள்ளுக்குள் கொதித்தேன். வேறு நாளாக இருந்தால் தாளைப் பிடுங்கிக்கொண்டு ஓடியிருப்பேன். ஆனால் பைக்குள் அந்தப் பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்கிற நினைப்பு என்னை ஆட்டுக்குட்டி மாதிரி உட்கார வைத்தது. சுக்கிரன் முடிந்தது. சனி முடிந்தது.

“கடேசி, லக்னம். நாலு, அஞ்சு, நாலு, அஞ்சு, ஒம்பது. பாரும், இங்கயும் ஒம்பது! பொறவு...” சோசியர் தாளை முகத்துக்கு அருகில் கொண்டுபோனார். “மஞ்சளு மறைச்சிருக்கு. எட்டா இருக்கும்.”

பைக்குள் தட்டுகிற சத்தம். பிறகு என் சட்டைப் பை இருமியது.

சுபேதார் என் நெஞ்சைப் பார்த்தார். நான் அவசரமாக நாலு இருமல் இருமினேன்.

“ஒமக்குப் பொம்பளக் கொரல்ல இருமல் வருதே,” என்றார்.

“பஞ்சு ஒத்துக்கிடல ஐயா, ராஜபாளையத்துக்காரன்.”

“நல்லா பாருங்க சாமி,” என்று சோசியரிடம் கெஞ்சினேன். “எட்டு இல்ல போலிருக்கு.” அவர் பார்த்துவிட்டு, “லக்னம் இப்படி இருக்கயில எட்டுதான் வந்தாகணும்,” என்றார். மணி இரண்டு முப்பத்திரண்டு. அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. இந்தச் சாவி எண்ணில் ஒரு விசேஷம் உண்டு. ஒவ்வொரு வரியிலும் இருக்கிற ஆறு இலக்க எண் பதினொன்றால் மீதியில்லாமல் வகுபட்டே தீரும். தப்பாக அடித்தால் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டினால் இரண்டு பக்கமும் சமமாக வந்தால் போதும். விரலை மடக்கினேன். நாலும் நாலும் ஒன்பதும் பதினேழு. மற்றப் பக்கம் அஞ்சும் அஞ்சும் பத்து. பதினேழாக ஏழு வேண்டும்.

“ஏழு!” என்று கத்திவிட்டேன். “கடேசி நம்பர் ஏழு!”

சோசியருக்குக் கோபம் வந்துவிட்டது. “ஒமக்கு ஜோசியம் தெரியுமாவே?”

“தெரியாது சாமி. ஆனா ஏழுதான்.”

“எப்படிச் சொல்லுதீரு?” என்றார் சுபேதார். அவர் குரலில் கோர்ட் மார்ஷல் வாசனை அடித்தது.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. “பிள்ள பொறக்கையில நான் ஆஸ்பத்திரி வாசல்ல நின்னேன் ஐயா. வெந்நி வாங்கிக் குடுத்ததே நான்தான். நேரத்த நானே கடியாரத்துல பாத்தேன்.” அப்போது எனக்குப் பதினான்கு வயது, கூமாப்பட்டியில் எங்கள் சித்தப்பா வீட்டில் மாங்காய் திருடிக்கொண்டிருந்தேன்.

சோசியர் பூதக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வாதத்துக்கு வந்தார். எட்டு என்றார். நான் ஏழு என்றேன். எட்டுக்கு அவர் மூன்று காரணம் சொன்னார். நான் ஏழு, ஏழு, ஏழு என்று சட்டைப் பைக்குக் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தேன். அப்போது என் சட்டைப் பை அலறியது.

“அண்ணே! தெறந்துருச்சுண்ணே! அறுபத்திரெண்டு ஃபைலும் இருக்குண்ணே!”

சுபேதார் எழுந்து வந்து என் பையிலிருந்து போனை இரண்டு விரலால் எடுத்தார். நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். போர்டு, பஞ்சு, நீலத் திரை, பூ பார்டர், மதினியின் மஞ்சள், மூன்று மணி டெண்டர், தை மாதம். அதற்கு மேல் மறைக்க எனக்குத் தெரியவில்லை. வேலை முடிந்துவிட்டது, இனி அண்ணாச்சி என்னை வெட்டிப்போட்டாலும் சரி என்று தோன்றிவிட்டது.

சோசியர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கொஞ்சம்கூட அசரவில்லை.

“பத்துக்கு ஒம்பது பொருத்தம் வந்தப்பவே நெனச்சேன்,” என்றார். “மனுசருக்கு அப்படி வராது.”

சுபேதார் போனைக் காதில் வைத்தார். “ஏம்மா, தங்கப்பாண்டியன் பேசுதேன். மூணு மணிக்கு இன்னும் எம்புட்டு நேரம் கெடக்கு?”

“இருபத்திரெண்டு நிமிசம்,” என்றது அவள் குரல்.

“அப்ப எங்கூட என்ன பேச்சு? வேலயப் பாரு,” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். பிறகு பலகை முன்னால் பழையபடி முதுகு வளையாமல் உட்கார்ந்து, கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். நாங்கள் மூன்று பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். சோசியர் மனைவி காப்பி கொண்டு வந்து வைத்தார், யாரும் தொடவில்லை. இரண்டு நாற்பது ஆனது. இரண்டு ஐம்பது ஆனது. சோசியர்கூட வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவர் வேண்டிக்கொண்டது கம்ப்யூட்டருக்கா பெண்ணுக்கா என்று கேட்கவில்லை. இரண்டு ஐம்பத்தாறுக்கு என் போனில் மெசேஜ் வந்தது. ‘போயிருச்சுண்ணே. ரசீது வந்துருச்சு.’

நான் அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், சோசியர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து துண்டால் மூக்கைச் சிந்தினேன். சுபேதார் காப்பியை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார்.

“கெட்டிக்காரப் பிள்ள,” என்றார். “நெருக்கடியில கை நடுங்காம அடிச்சிருக்கா. இதுக்கு மேல என்ன ஜாதகம்?” என்று சொல்லிக்கொண்டே, என்னிடம் கேட்காமல் என் போனிலிருந்தே அண்ணாச்சிக்குப் போட்டார். ஸ்பீக்கரையும் அழுத்தினார். சட்டைப் பையில் போட்டுப் பேசுவதெல்லாம் அவருக்குப் பிடிக்காது போலிருக்கிறது.

“சுந்தரபாண்டியன், நான் தங்கப்பாண்டியன். எல்லாந் தெரிஞ்சுபோச்சு, மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதீரும். எங்களுக்கு ஜாதகம் வேணாம். பொண்ணு போதும். வெள்ளிக்கிழம வந்து பூ வச்சிருவமா?”

எனக்கு அண்ணாச்சியை நன்றாகத் தெரியும். போலீஸ் மாப்பிள்ளை, நல்ல குடும்பம், அவர்களே வலிய வந்து கேட்கிறார்கள். இந்தச் சம்பந்தத்துக்காக அவர் ஒரு வருடமாகத் தவம் கிடக்கிறார். யாரிடமும் எதையும் கேட்காமல் சரி என்று சொல்லிப் பழகின வாய் அது. பின்னால் துணி வெட்டுகிற மெஷின் சத்தம் கேட்டது. வெங்கடேஸ்வரி, “அந்த லாட்ட இன்னைக்கே பேக் பண்ணுங்க” என்று வேலை சொல்கிற குரலும் கேட்டது.

“சுந்தரபாண்டியன், லைன்ல இருக்கீரா?”

“இருக்கேங்க,” என்றார் அண்ணாச்சி. அவர் குரல் இவ்வளவு மெதுவாக இருந்து நான் கேட்டதே இல்லை. “அத நான் சொல்ல முடியாதுங்க. மொதலாளி வேலையா இருக்காக. ஓஞ்சதும் கேட்டுட்டுச் சொல்லுதேன்.”